டிக்கெட் தளத்தின் முதலாளி யார்?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதலில் ஆர்வத்துடன் செய்து பார்க்கும் காரியங்களில் ஒன்று டிக்கெட் முன்பதிவு. பொங்கலுக்கு சென்னையிலிருந்து மகன் தஞ்சாவூர் வர வேண்டும். திருச்சியிலிருந்து மருமகள் சிங்கப்பூர் போக வேண்டும். முன்பெல்லாம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் உள்ள ஏஜென்சியில் போய் நிற்போம். இன்று வீட்டிலிருந்தே மவுஸை நாலு முறை க்ளிக் செய்தால் வேலை முடிந்தது.

நல்ல வசதிதான். ஆனால், திரையில் வரும் அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர் யார், அவருக்குப் பணம் போட்டவர் யார் என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

முன்பணமும் களத்து நெல்லும்

டெல்டாக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். சம்பா நடவுக்குப் பணம் தேவை. கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்கினால், அசலையும் வட்டியையும் கட்டியதும் கணக்கு முடிந்துவிடும். நெல் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் கதை வேறு. அவருக்கு வட்டியைவிட உங்கள் களத்து நெல்தான் முக்கியம்.

புதிய கம்பெனிகளுக்கு வரும் பணமும் இப்படி இரண்டு வகை. முதலீட்டு நிதி நிறுவனங்கள் பங்குகளை வாங்கி, விலை ஏறியதும் விற்று லாபம் பார்க்கும். இன்னொரு வகை, அதே தொழிலிலோ பக்கத்துத் தொழிலிலோ இருக்கும் பெரிய கம்பெனிகள் போடும் பணம். லாபமும் வேண்டும்தான், அதோடு புதிய தொழில்நுட்பம், வாடிக்கையாளர்கள், சந்தையில் ஒரு பிடி ஆகியவையும் வேண்டும் என்பது இவர்கள் கணக்கு.

ஒரு பஸ் டிக்கெட்டின் கதை

ரெட்பஸ் தளத்தையே எடுத்துக் கொள்வோம். 2005 தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து ஹைதராபாத் செல்ல பஸ் டிக்கெட் கிடைக்காத பணீந்திர சாமா என்ற இளைஞர், நண்பர்களுடன் சேர்ந்து 2006-ல் இதைத் தொடங்கினார். எந்த பஸ்ஸில் எந்த சீட் காலி என்பதை நம் வீட்டுத் திரைக்குக் கொண்டு வந்தது பெரிய சாதனை. 2007-ல் சீட்ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனம் பணம் கொடுத்தது. 2013-ல் ஐபிபோ குழுமம் ரெட்பஸ்ஸை விலைக்கு வாங்கியது. ஐபிபோவுக்குப் பின்னால் இருந்தவை தென்னாப்பிரிக்காவின் நாஸ்பர்ஸும் சீனாவின் டென்சென்ட்டும். 2017-ல் ஐபிபோ, மேக்மைட்ரிப்புடன் இணைந்தது. அந்த மேக்மைட்ரிப்பில் சீனாவின் பயண நிறுவனமான சிட்ரிப் 2016-ல் 18 கோடி டாலர் முதலீடு செய்திருந்தது. 2019-ல் நாஸ்பர்ஸின் பங்குகளையும் பெற்று மிகப்பெரிய பங்குதாரர் ஆனது. 2025-ல்தான் அந்தப் பங்கு 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது.

இதில் நமக்கு என்ன வந்தது என்கிறீர்களா? மேக்மைட்ரிப், கோஐபிபோ, ரெட்பஸ் மூன்றும் ஒரே குழுமம். ஒரு விண்டோவில் முதல் தளம், இன்னொன்றில் இரண்டாவது தளம் என்று திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு கடையில் விலை கேட்டதாக நினைக்கிறோம். கடை இரண்டு, முதலாளி ஒருவர்.

ஒப்பிட்டுக் காட்டும் தளங்களையும் கவனிக்க வேண்டும். பல தளங்களின் கட்டணங்களை ஒரே இடத்தில் காட்டுவதற்காக 2007-ல் வந்தது இக்சிகோ. அதில் 2011-ல் பணம் போட்டவர்களில் ஒருவர் மேக்மைட்ரிப். தவறு நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பந்தயத்தில் ஓடும் ஒருவர் நடுவருக்குப் பணம் போட்டிருந்தால், பார்ப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பணமும் வணிக உறவும் பட்டியலை மாற்றுமா? 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் அளித்த தீர்ப்பைப் பாருங்கள். ஓயோவுடன் செய்துகொண்ட ஏற்பாட்டினால், ட்ரீபோ, ஃபேப் ஹோட்டல்ஸ் ஆகிய போட்டி நிறுவனங்களை மேக்மைட்ரிப் தன் தளத்திலிருந்து நீக்கியது தவறு என்று அது கூறியது. மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும், ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. பட்டியலில் இல்லாத ஓட்டலை எந்த வாடிக்கையாளரும் தேடிப் பார்ப்பதில்லை.

எல்லாப் பணமும் ஒன்றல்ல

பெரிய கம்பெனி முதலீடு என்றாலே கெடுதல் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்க விமான நிறுவனமான ஜெட்புளூ 2016-ல் இதற்கென்றே தனி நிறுவனம் தொடங்கி, பறக்கும் டாக்சி தயாரிக்கும் ஜோபி நிறுவனத்தில் முதலீடு செய்தது. நம் நாட்டில் இண்டிகோ, 600 கோடி ரூபாய் இலக்குடன் ஒரு முதலீட்டு நிதி தொடங்க 2024-ல் செபியின் அனுமதி பெற்றது. விமான உதிரி பாகங்கள் செய்யும் ஜே ஏரோஸ்பேஸில் அது பணம் போட்டுள்ளது. இப்படிப்பட்ட முதலீடு தொழிற்சாலையையும் வேலையையும் வளர்க்கும். நம் டிக்கெட் பட்டியலைத் தொடாது. நாம் விழிப்பாக இருக்க வேண்டியது, விற்பவரின் பணம் பட்டியல் போடுபவரிடம் இருக்கும் இடத்தில்தான்.

என்ன செய்யலாம்?

எந்தத் தளத்தைத் திறந்தாலும், பக்கத்தின் அடியில் உள்ள 'எங்களைப் பற்றி' என்ற லிங்க்கை ஒரு முறை க்ளிக் செய்து படித்திடுங்கள். எந்தக் குழுமம் என்பது பெரும்பாலும் அங்கே இருக்கும்.

பட்டியல் முதலில் வரும் வரிசையை அப்படியே நம்பாமல், கட்டணப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள்.

நேரடி கொள்முதல் நிலையத்தின் விலையைத் தெரிந்துகொண்டுதானே வியாபாரியிடம் பேசுகிறோம்? அதுபோல, அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்தின் தளத்திலும், விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் கட்டணத்தைப் பார்த்துவிட்டு மற்ற தளங்களுக்குச் செல்லுங்கள். ரயில் டிக்கெட் எந்தத் தளத்தில் வாங்கினாலும் ஐ.ஆர்.சி.டி.சி. வழியாகவே வருகிறது, இடையில் நிற்பவர் தன் கட்டணத்தைச் சேர்ப்பார்.

பணம் கட்டும் முன் கடைசித் தொகையைப் பாருங்கள். இன்சூரன்ஸ், நன்கொடை போன்ற கட்டங்களில் நீங்கள் போடாத டிக் அடையாளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, 'இன்னும் 2 சீட்தான்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது போன்றவற்றை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்துள்ளது. புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது.

முன்பணம் வாங்கியது தளம்தான், நீங்கள் அல்ல. களத்து நெல்லை யாருக்கு வேண்டுமானாலும் விற்கும் உரிமை உள்ள விவசாயியைப் போல, நீங்கள் எந்த விண்டோவையும் மூடிவிட்டு இன்னொன்றைத் திறக்கலாம். பொங்கல் டிக்கெட்டுக்கு அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழியுங்கள்.