பட்டியலில் பெயர் இருந்தால்தான் காசு



இந்த வார எபிசோட் டேட்டாபேஸ் பற்றினது. அதில் நேரம் போதாமல் விட்ட ஒரு விசயத்தை இங்கே எழுதுறன். கடைகளுக்கு மானியம் குடுக்கிறதைக் கவுன்சில் எப்படித் தீர்மானிக்குது?

கஷ்டப்படுகிற கடை எது எண்டு பார்த்துத்தான் குடுப்பினம் எண்டு நாங்கள் நினைப்போம். 2020 மார்ச்சில் அப்படி நடக்கவில்லை. லொக்டவுனுக்குச் சற்று முன் அரசாங்கம் 10,000 பவுண், 25,000 பவுண் எண்டு மானியங்களை அறிவித்தது. காசைக் கையில் குடுக்கிற வேலை கவுன்சில்களுக்கு. சவுத்தாலுக்கு அது ஈலிங் கவுன்சில். ஆனால் யாருக்கு எண்டு தீர்மானித்தது பிஸ்னஸ் ரேட்ஸ் பட்டியல். மார்ச் 11ஆம் தேதி அதில் யாருடைய பெயர் இருந்ததோ, அவருக்குத்தான் காசு.

அவசரத்துக்கு அது கெட்ட முடிவில்லை. கையில் ரெடியாக இருந்த டேட்டா அதுதான். ஆனால் அந்தப் பட்டியல் வரி அறவிடச் செய்தது, கஷ்டத்தை அளக்கச் செய்தது இல்லை.

சவுத்தால் பிராட்வேயில் ஒருக்கா நடந்து பாருங்கோ. ஒரே கடை வாசலுக்குள்ளே போன் திருத்துறவர், நகை விற்கிறவர், தைக்கிறவர் எண்டு மூண்டு நாலு கவுண்டர். சவுத் ரோட்டில் 1929இல் தியேட்டராகக் கட்டின ஹிமாலயா பேலஸ்கூட உள்ளே சின்னச் சின்னக் கடைகளோடு சந்தையாக இருந்திருக்கு. இப்படியான ஒரு இடத்தில் ரேட்ஸ் கட்டடக்காரரின் பெயரில் இருந்து, கவுண்டர்காரர் அதை வாடகையோடு சேர்த்துக் கட்டினால், பட்டியலைப் பொறுத்தவரை அவருடைய வியாபாரமே இல்லை.

அரசாங்கத்துக்கும் இது விளங்கினது. 2020 மே மாதம் 617 மில்லியன் பவுண் வரை ஒதுக்கி, சந்தை வியாபாரிகள், பொது இடத்தைப் பகிர்ந்து தொழில் செய்கிறவர்கள் போன்றவர்களுக்குக் கவுன்சில்களே விதி எழுதிக் குடுக்கலாம் எண்டு சொன்னது. நவம்பரில் தலைக்கு 20 பவுண் கணக்கில் இன்னொரு நிதியும் வந்தது. கவுன்சில் உண்மையாகத் தீர்மானம் எடுத்தது அங்கேதான்.

"கவுன்சிலின்ர கையில் விட்டால் ஊழல்தான்" எண்டு சிலர் சொல்லுவினம். கொரோனா மானியங்கள் எல்லாம் சேர்த்து 22.6 பில்லியன் பவுண். அதில் சுமார் 1.1 பில்லியன் பிழையாகவோ மோசடியாகவோ போனது எண்டு அரசாங்கமே மதிப்பிட்டது. பெரும்பகுதி, அவசரமாகக் குடுத்த முதல் திட்டங்களில் போனது. பட்டியலை நம்பினதால் மோசடி நிக்கவில்லை.

இப்ப 2022ஆம் ஆண்டின் மானியக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கு. 2023 ஜனவரி 4 முதல் நடைமுறையில். பொது நன்மை என்ன, தேவைக்கு மேலே குடுக்கிறமா எண்டு ஏழு கோட்பாடுகளை வைத்துப் பார்க்கவேணும். ஆனால் மூண்டு வருசத்தில் 315,000 பவுண் வரை சிறு உதவியாகக் குடுத்தால் அந்தப் பரிசோதனை தேவையில்லை. தேசிய மானிய டேட்டாபேஸில் ஏத்துறதும் 100,000 பவுணுக்கு மேலே போனால்தான். சவுத்தால் கவுண்டருக்குப் போகிற 5,000 பவுண் அதில் வரப்போவதில்லை. 500 பவுணுக்கு மேற்பட்ட செலவுகளைக் கவுன்சில்கள் வெளியிடவேணும், அதால் கிடைத்தவரை அந்த எக்செல் பைலில் தேடலாம். யாருக்கு, ஏன் மறுத்தார்கள் எண்டு அதில் இல்லை.

என்ர கருத்து இதுதான்: கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கட்டும், ஆனால் கண்ணுக்குத் தெரியட்டும். போம் திறக்க முதல் புள்ளி போடுகிற விதியைப் போடுங்கோ. முடிந்த பிறகு எத்தனை பேர் கேட்டார்கள், எந்தக் காரணத்துக்கு எத்தனை பேரை மறுத்தீர்கள், எந்த வார்ட் எண்டு ஒரு அட்டவணை போடுங்கோ. பெயர் வேண்டாம். டேட்டா முழுக்க ஏற்கெனவே ஒன்லைன் போமுக்குள்ளே கிடக்கு. இது ஒரு பின்னேர வேலை.

"முதலில் வந்தவருக்கு முதலில்" எண்ட விதியையும் விடுங்கோ. பிள்ளை வேலையால் வந்து போம் நிரப்பித் தரும்வரை காத்திருக்கிற கடைக்காரர் அந்த வரிசையில் எப்பவும் கடைசிதான். அந்தப் பிள்ளைகள் நாங்கள்தான்.

அடுத்த முறை மாமாவுக்கோ அன்ரிக்கோ போம் நிரப்பி "இல்லை" எண்டு பதில் வந்தால், அதோடு விடாதேங்கோ. தகவல் அறியும் சட்டத்தில் ஒரு ஈமெயில் போடுங்கோ: எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்கு மறுப்பு, எந்த விதியில்? 20 வேலை நாளுக்குள் பதில் சொல்லவேணும். வருகிற பதிலை எங்களுக்கும் அனுப்புங்கோ. அட்டவணையை நாங்கள் போடுறம்.