பெயர்க் கட்டத்தில் சிக்கும் செவிலியர்

அமெரிக்கச் செவிலியர் உரிமத் தேர்வான என்சிலெக்ஸ், 1994-இல் கணினிக்கு மாறும்வரை ஆண்டுக்கு இருமுறைதான் காகிதத்தில் நடந்தது. இன்று பதிவு, 200 டாலர் கட்டணம், மின்னஞ்சலில் வரும் தேர்வு அனுமதி எல்லாமே இணையத்தில். காத்திருப்பு குறைந்தது பெரிய நன்மை, மறுக்கவில்லை. என் கவலை பெயர்க் கட்டம் பற்றியது. பதிவிலும் கடவுச்சீட்டிலும் பெயர் அப்படியே ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் தேர்வறைக்குள் விடமாட்டார்கள், கட்டணமும் போய்விடும். குடும்பப் பெயர் இல்லாமல் தலைப்பெழுத்தோடு வாழும் நம் செவிலியர்களுக்கு இது எவ்வளவு பெரிய கண்ணி! சான்றிதழில் ஓர் எழுத்து, கடவுச்சீட்டில் அப்பாவின் முழுப்பெயர். விண்ணப்பிக்கும் முன்பே இதைச் சரிபார்த்துத் தருவதை நம் செவிலியர் கல்லூரிகள் இறுதியாண்டுக் கடமையாகவே ஏற்க வேண்டும்.