நீங்கள் கேட்டவை: கையில் ஒட்டும் சர்க்கரைக் கருவி தேவையா?

'சென்னையில் இருக்கும் என் அண்ணன் கையில் சென்சார் ஒட்டியிருக்கிறார். சர்க்கரை அளவு செல்போனிலேயே தெரிகிறது. மாத்திரை சாப்பிடும் நானும் அதை வாங்க வேண்டுமா?'
– வாசகி, திருவாரூர் மாவட்டம்

மாத்திரையிலேயே சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் கடன் வாங்கி ஒட்டிக்கொள்ளத் தேவையில்லை. ஒரு சென்சார் சுமார் 14 நாள்தான் வரும், விலை ஆயிரக்கணக்கில். தினமும் பலமுறை இன்சுலின் போடுபவர்களுக்குத்தான் அதனால் பெரிய பயன். அவர்களிலும் பலருக்கு அது எட்டாத விலை என்பதுதான் கொடுமை.

உங்கள் கவலையிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு வாரக் கணக்கைச் செல்போனில் காட்டுபவருக்கு, டாக்டர் அதைப் பார்த்து மருந்தளவை மாற்ற முடிகிறது. வெறுங்கையோடு போகிறவருக்குப் பெரும்பாலும் பழைய சீட்டுதான். ஒரு நோட்டு வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் வீட்டுக்கு வரும்போதோ பார்க்கும் அளவைத் தேதியோடு எழுதுங்கள்; வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா என்பதும் முக்கியம். நடவு வேலையில் படபடப்பு, வியர்வை, நடுக்கம் வந்தால் உடனே சர்க்கரையைக் கரைத்துக் குடித்துவிட்டு, அதையும் குறித்து வையுங்கள். கடந்த 3 மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை டாக்டரிடம் கேளுங்கள். அதற்குப் பட்டினி கிடக்க வேண்டாம். ரத்தசோகை இருந்தால் அதன் முடிவு பிசகலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.