பார்க்க ஆள் வராத இல்லங்கள்

ஹிட்லரின் ஜெர்மனியில் 1939-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மனநல மருத்துவமனைகளுக்கு ஒரு படிவம் போனது. நோயாளியால் வேலை செய்ய முடியுமா, அவரைப் பார்க்க யாராவது தவறாமல் வருகிறார்களா என்றெல்லாம் அதில் கேட்டிருந்தார்கள். நோயாளியின் முகத்தைக்கூடப் பாராத மருத்துவர்கள், படிவத்தைப் புரட்டிவிட்டுச் சிவப்பு மையில் கூட்டல் குறி போட்டார்கள், போட்டால் சாவு. ஹடமார் என்ற சிற்றூரின் மருத்துவமனையில் மட்டும் 1941 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை 10,000-க்கும் மேற்பட்டோரை நச்சுவாயு செலுத்திக் கொன்றார்கள். ஆட்களை ஏற்றிவந்த பேருந்துகளையும் எழுந்த புகையையும் ஊரே பார்த்தது.

நம் தமிழ்நாட்டின் ஏர்வாடியில் யாரும் கொல்லச் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால், 'யாரும் பார்க்க வருவதில்லை' என்று எழுதத்தக்க மனிதர்கள் அங்கும் இருந்தார்கள். மனநோயாளிகளை அங்குள்ள தர்காவுக்குக் கூட்டிவந்த குடும்பங்கள், அவர்கள் குணமாகட்டும் என்று தனியார் இல்லங்களில் விட்டுப் போயின. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அப்படி ஓர் இல்லத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். இத்தகைய இல்லங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1987-லேயே வந்துவிட்டது. இத்தனை உயிர் போன பிறகுதான் அங்கிருந்த இல்லங்களை மூடினார்கள்.

தாம்பரத்தில் இருந்துகொண்டு ஏர்வாடியை ஏன் பேச வேண்டும்? முடிச்சூர், ஊரப்பாக்கம், மேடவாக்கம் என்று புறநகர் விரிய விரிய, மனநலக் காப்பகமோ போதை மறுவாழ்வு மையமோ நடத்த ஒரு வாடகை வீடும் பூட்டிய கேட்டும் போதும் என்றாகிவிடக் கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. ஆனால் பதிவில்லாமல் இல்லம் நடத்தினால் முதல் முறைக்கான அபராதம் 5,000 ரூபாயிலிருந்தே தொடங்குகிறது. இங்கே ஒரு படுக்கையறை வீட்டின் மாத வாடகைகூட அதைவிட அதிகம். இந்தத் தொகைக்கு யார் பயப்படுவார்கள்?

செங்கல்பட்டு ஆட்சியரும் தாம்பரம் மாநகராட்சியும் காவல் ஆணையரகமும் வார்டு வார்டாக இறங்க வேண்டும். எந்த இல்லத்துக்குப் பதிவு உண்டு, யார் மருத்துவர், கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது என்ற பட்டியலை ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். முன்னறிவிப்பின்றி, இரவிலும் ஆய்வு நடக்க வேண்டும்.

அக்கம்பக்கத்தாருக்கும் இதில் பொறுப்பு உண்டு. மனநலம் குன்றிய ஒருவரைக் காக்க வேண்டியவரே கொடுமைப்படுத்துகிறார், கவனிக்காமல் விடுகிறார் என்று தெரிந்தால், மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 101-ஆவது பிரிவின்படி யாராக இருந்தாலும் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். நிலையப் பொறுப்பு அதிகாரி உடனே மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.