சாய்கோட்டை எடுத்துவிடுங்கள் என்கிறார்கள்

எஸ்பிஎம் முடிவுகள் வந்த கையோடு எங்கள் தாமானிலிருந்து இரண்டு மூன்று பிள்ளைகள் என் வீட்டுக்கு வருவது வழக்கம். உதவித்தொகைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பம் செய்ய வேண்டும். ‘பாரம் பூர்த்தி செய்வது’ என்று பழைய பழக்கத்தில் இன்னும் சொல்கிறோம். உண்மையில் பாரம் எல்லாம் இணையத்துக்குப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது.

அப்படி வந்த ஒரு பெண்ணின் கதையிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கட்டுரைக்காக அவள் பெயரை ‘செல்வி ஏ/பி முனியாண்டி’ என்று வைத்துக்கொள்வோம். ‘அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்’ என்று கேட்ட இடத்தில், உள்ளபடியே தட்டினாள். சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்றினோம். ‘வெற்றி’ என்று பச்சை நிறத்தில் வந்தது. இரண்டு வாரம் கழித்து வந்த கடிதமோ, ஆவணங்கள் கிடைக்கவில்லை என்றது.

“அங்கிள், நாமதான் எல்லாத்தையும் போட்டோமே!”

நேரில் போனோம். அந்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். கவுண்டரில் இருந்த அம்மையார் நல்லவர், பொறுமையாகத் தேடினார். விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாக இறக்கி, அவிழ்த்து, ஒவ்வொரு பெயராகச் சரிபார்ப்பார்களாம். திரையில் நூற்றுக்கணக்கான கோப்புகள் பெயர் வரிசையில் நின்றன. அவற்றுக்கு மேலே தனியாக ஒரு கூட்டம் மஞ்சள் ஃபோல்டர்கள். ஒவ்வொன்றின் பெயரும் ‘ஏ’ என்ற எழுத்தில் முடிந்திருந்தது. அத்தனையும் நம்மாட்கள்.

‘செல்வி ஏ’ என்ற ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே ‘பி முனியாண்டி’ என்று ஒரு கோப்பு கிடந்தது.

நடந்தது இதுதான். ஏற்றிய ஆவணத்துக்கு விண்ணப்பதாரரின் பெயரையே கோப்புப் பெயராக வைக்கும்படி யாரோ நிரல் எழுதியிருக்கிறார்கள். கணினிக்குச் சாய்கோடு என்றால் ‘இதுவரை ஃபோல்டர், இனிமேல் அதன் உள்ளே’ என்று பொருள். ஜிப்பை அவிழ்த்தபோது மகள் ஃபோல்டர் ஆனாள், தகப்பன் அதற்குள் கோப்பு ஆனார். மேலோட்டமாகப் பார்த்தவர்களுக்குச் செல்வி என்று ஒருத்தி விண்ணப்பிக்கவே இல்லை.

அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னார்: “இந்தியப் பெயர்னா எப்பவும் இந்தப் பிரச்சனைதான். அடுத்த தடவை அந்தக் கோட்டை எடுத்துடுங்க.”

அவர் மீது எனக்குக் கோபமில்லை. அந்த வாக்கியத்தின் மீதுதான். பிரச்சனை பெயரில் இருக்கிறதாம், சரிசெய்ய வேண்டியது பெயராம். ஐசியில் உள்ளபடி எழுது என்று கேட்பதும் அவர்கள்தான், ஐசியில் உள்ளபடி எழுதியதால்தான் காணாமல் போனாய் என்று சொல்வதும் அவர்கள்தான்.

‘சிறப்பு எழுத்துகள்’ என்று மென்பொருள்காரர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். கோப்புப் பெயரில் வரக்கூடாதவை. விண்டோஸில் ஒன்பது: சாய்கோடு, பின்சாய்கோடு, முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், சிறியது பெரியது காட்டும் இரண்டு குறிகள், செங்குத்துக் கோடு. இயற்கை விதிபோல இதைச் சொல்வார்கள். ஆனால் இது வரலாறு, அதிலும் தற்செயலான வரலாறு. பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸைக் கட்டியவர்கள் பாதையைப் பிரிக்கச் சாய்கோட்டை எடுத்துக்கொண்டார்கள். மைக்ரோசாப்ட் 1983இல் டாஸ் 2.0 வழியாக ஃபோல்டர்களைக் கொண்டுவந்தபோது, கட்டளைகளின் விருப்பக் குறியாகச் சாய்கோடு ஏற்கெனவே பயனில் இருந்தது. அதனால் பாதைக்குப் பின்சாய்கோடு வந்தது. பழைய மெக்கிண்டாஷ் முக்காற்புள்ளியைத் தேர்ந்தது. இன்றைய மேக் கணினியின் ஃபைண்டரில் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது சாய்கோட்டைத் தாராளமாகத் தட்டலாம். உள்ளே அதை முக்காற்புள்ளியாக மாற்றி வைத்துக்கொண்டு, நம் கண்ணுக்குச் சாய்கோடாகவே காட்டும். மனசு வைத்தால் செய்ய முடிகிற காரியம் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

ஆக, எந்த எழுத்தும் பிறவியிலேயே ‘சிறப்பு’ எழுத்து அல்ல. யாரோ ஒருவர் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு குறியைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறார். அந்தக் குறி வேறொரு நாட்டில் பல லட்சம் பேருடைய பெயருக்குள் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அன்று தெரியாதது குற்றமில்லை. இன்று, மலேசியாவில், மலேசியர்களுக்காக, மலேசியர்களே எழுதும் நிரலுக்கு அது தெரியவில்லை என்றால்?

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். “ஏ/எல், ஏ/பி நம்மோட சொத்தா? வெள்ளைக்காரன் கிராணி எழுதுன சுருக்கம்தானே. தூக்கிப் போட்டா நிம்மதி.” உண்மைதான். ‘சன் ஆஃப்’ என்பது காலனிய அலுவலகத்தில் எஸ்/ஓ ஆனது. சிங்கப்பூரில் இன்றும் எஸ்/ஓ, டி/ஓ என்றே இருக்கிறது. இங்கே அது ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்று மலாய்க்கு மாறி ஏ/எல், ஏ/பி என்று சுருங்கியது. நமக்கு மட்டுமல்ல, சீக்கியர், சயாமியர், ஒராங் அஸ்லி பெயர்களிலும் இதைப் பார்க்கலாம். ‘பின்’, ‘பிந்தி’ என்பவை முழுச் சொற்களாகவே நிற்பதால் அவற்றுக்கு இந்தத் தலைவலி இல்லை.

இந்தச் சுருக்கத்தை வைத்துக்கொள்வதா, விடுவதா, அம்மாவின் பெயருக்கு அதில் ஏன் இடமில்லை என்பதெல்லாம் நாம் பேச வேண்டிய விஷயங்கள். நானும் பேசத் தயார். ஆனால் அந்த விவாதத்தை முடித்துவைக்கும் அதிகாரத்தை ஒரு கோப்பு ஏற்றும் பக்கத்துக்கு யார் கொடுத்தது? பெயரை மாற்றுவது வேறு, கணினி முழுங்கவில்லை என்பதற்காகப் பெயரை வெட்டிக்கொள்வது வேறு.

கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக இரண்டு வரிகள் இருக்கின்றன. அதில் 26 ஆங்கிலப் பெரிய எழுத்துகள், பத்து இலக்கங்கள், ஒரு நிரப்புக்குறி தவிர வேறு எதுவும் வரக்கூடாது. சாய்கோட்டுக்கும் இடமில்லை. ஆனால் அது எழுதி வைக்கப்பட்ட பன்னாட்டு விதி. மேலே என் பெயர் என் பெயராகவே அச்சாகியிருக்கும், கீழே இயந்திரத்துக்கான வடிவம். மாற்றும் பொறுப்பு இயந்திரத்தின் பக்கம் இருப்பவருடையது. விமான டிக்கெட்டில் குடும்பப் பெயரையும் இயற்பெயரையும் பிரிப்பதே ஒரு சாய்கோடுதான். அங்கேயும் நம் சாய்கோடு இடறத்தான் செய்யும், ஆனால் எதற்காக என்று சொல்ல ஒரு விதியாவது உண்டு. உதவித்தொகைப் பக்கத்துக்கு அப்படி ஒரு விதியும் இல்லை, ஒரு எச்சரிக்கையும் இல்லை. பச்சை நிறத்தில் ‘வெற்றி’ மட்டும்தான்.

இது சாய்கோட்டோடு முடிகிற கதையும் அல்ல. தமிழ் எழுத்தே பல மென்பொருள்களுக்குச் ‘சிறப்பு எழுத்து’தான். ‘கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்காதீர்கள், சிஸ்டம் எடுக்காது’ என்ற அறிவுரையைக் கேட்காத தமிழாசிரியர் இங்கே இருக்கிறாரா?

ஒரு காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைக் கொண்டுவந்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். என் கணினியில் தமிழாகத் தெரிவது உங்கள் கணினியில் குப்பையாகத் தெரியும். அதனால் கோப்புக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தோம். ஆனால் யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வந்தபோதே அதில் தமிழ் இருந்தது. 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து யூடிஎஃப்-8 முறையை வடிவமைத்தார்கள். அந்த வேலைக்கு முதலில் இருந்த பெயரே ‘கோப்பு முறைமைக்குப் பாதுகாப்பானது’ என்ற பொருளில்தான் அமைந்தது. உலகின் எந்த எழுத்தைக் குறியாக்கினாலும் அதன் பைட்டுகளுக்கு நடுவே சாய்கோடு வந்துவிடக்கூடாது, வந்தால் கோப்பின் பாதை உடையும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. தமிழ் எழுத்து கோப்பின் பாதையை உடைக்காமல் இருப்பதற்கான வேலை 30 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. ‘சிஸ்டம் எடுக்காது’ என்பவர்கள் சிஸ்டத்தின் மீது பழி போடுகிறார்கள். எடுக்காதது சிஸ்டம் அல்ல, அதன் மேல் எழுதிய சோம்பேறித்தனமான நிரல்.

எப்படிப்பட்ட சோம்பேறித்தனம் என்று ஒரு உதாரணம். ‘பெயரில் எழுத்துகளை மட்டும் விட்டுவைத்து மற்றதை நீக்கு’ என்று பலர் நிரல் எழுதுவார்கள். யூனிகோடின் வகைப்பாட்டில் தமிழின் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ அல்ல, ‘ஒட்டுக்குறி’. அதைக் கவனிக்காத வடிகட்டியில் ‘தமிழ்’ என்ற சொல்லைப் போட்டால் ‘தமழ’ என்று வெளியே வரும். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியத்தில் படித்த நாம், ஏற்றும் பக்கம் புள்ளியைத் தின்பதைப் பார்த்துவிட்டு, “சரி, ஆங்கிலத்திலேயே போடு” என்கிறோம்.

பொறியாளர்கள் சொல்லும் ஒரு வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன்: பாதுகாப்பு. கோப்புப் பெயர் என்ற இடத்தில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டு, ‘ஒரு படி மேலே போ, அதற்கும் மேலே போ’ என்று கணினியை ஏமாற்றி, தொடக்கூடாத ஃபோல்டருக்குள் புகுந்துவிட முடியும். பழைய தாக்குதல் அது, இன்றும் நடக்கிறது. அதனால்தான் சாய்கோட்டைத் தடுக்கிறோம் என்கிறார்கள். சரி. ஆனால் அதற்கான மருந்து பெயரை வெட்டுவதா? வெளியிலிருந்து வரும் எந்தச் சொல்லையும் கோப்பின் பாதையாக மாற்றாமல் இருப்பதுதானே? கோப்புக்குக் கணினியே ஓர் எண்ணைக் கொடுக்கட்டும். என் பெயர் தரவுத்தளத்தில் அதற்குரிய கட்டத்தில் முழுசாக இருக்கட்டும். இரண்டையும் கோத்து வைப்பது அரை மணி நேர வேலை. அப்படிச் செய்தால் திருடனும் உள்ளே வர முடியாது, செல்வியும் தொலைந்து போக மாட்டாள். பாதுகாப்பும் மரியாதையும் கேட்பது ஒரே திருத்தத்தைத்தான். இரண்டையும் எதிரெதிராக நிறுத்துபவர்கள் அந்த வேலையைச் செய்ய விரும்பாதவர்கள்.

இதற்குப் பெரிய ஆய்வு எதுவும் தேவையில்லை. ஒரு பக்கத்தை வெளியிடும் முன் ஐந்து பெயர்களைத் தட்டிப் பார்த்தால் போதும். ஏ/எல் உள்ள ஒன்று, ஏ/பி உள்ள ஒன்று, மாற்றுப் பெயருக்கு முன்னால் @ குறி போட்ட ஒன்று, மலாக்கா போர்த்துகீசியர்களின் டி’குரூஸ் போல மேற்குறி உள்ள ஒன்று, தமிழிலேயே எழுதிய ஒன்று. நாட்டின் எந்தப் பள்ளி வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலும் இதில் பாதி கிடைத்துவிடும்.

நம் பங்கையும் சொல்லாமல் விடமுடியாது. சில ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஓர் எழுத்தாளரின் பெண்டிரைவை அவர் குடும்பத்தார் என்னிடம் தந்தார்கள். ‘கதை1’, ‘கதை2’, ‘கதை2 புதுசு’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ என்று எல்லாம் ஆங்கில எழுத்தில். ஐம்பது ஆண்டுகள் தமிழில் எழுதியவர், தன் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கப் பயந்திருக்கிறார். துணிந்து தமிழில் பெயர் வைத்தவை ஒரே ஒரு பழைய ஜிப்பில் இருந்தன. அவிழ்த்தபோது பெயர் முழுக்கக் கிரேக்க ஆல்ஃபாக்கள். 1981இன் ஐபிஎம் கணினியோடு வந்த எழுத்துத் தொகுதியைத்தான் ஜிப் நெடுங்காலம் நம்பியிருந்தது. யூடிஎஃப்-8 பெயர்களுக்கு அதன் விதிகளில் 2006இல்தான் இடம் வந்தது. எந்தக் கதை எது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க எனக்கு வாரக்கணக்கில் ஆயிற்று. கடைசி வடிவம் எது என்று இன்னும் உறுதியாகத் தெரியாத கதைகள் மூன்று. அவரைக் கேட்க முடியாது.

இதைத்தான் ‘சின்ன விஷயம்’ என்கிறோம். நம் சங்கங்கள் போட்டி அறிவிக்கும்போது ‘கோப்பின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கட்டும்’ என்று நாமே விதி போடுகிறோம். யாரும் கேட்காமலே குனிந்துவிடுகிறோம்.

செல்வியின் ஆவணங்களை அன்றே அந்த அம்மையார் சரியான இடத்தில் சேர்த்துவிட்டார். மற்ற ஃபோல்டர்களையும் திறந்து பார்க்கும்படி கேட்டேன், பார்க்கிறேன் என்றார். வீடு திரும்பியதும் இருவரும் உட்கார்ந்து ஒரு புகார் எழுதினோம். “கோட்டை எடுத்துட்டா ஈசியா முடிஞ்சிருக்கும்ல அங்கிள்?” என்று கேட்டாள். “முடிஞ்சிருக்கும்மா. அடுத்த வருஷம் உன் தம்பிக்கும் இதே கதைதான்” என்றேன். கடிதத்தின் கீழே தன் முழுப்பெயரை, சாய்கோட்டோடு, எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இது நடந்தால் தயவுசெய்து கோட்டை எடுக்காதீர்கள். புகார் எழுதுங்கள். இந்தக் கட்டுரையை ஆசிரியருக்கு அனுப்பும் கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். புள்ளிகள் எல்லாம் அப்படியே வந்து சேர்ந்தனவா என்று அவர் சொல்லட்டும்.