அந்தப் பழைய நோட்டீஸைத் தூக்கி எறிஞ்சிடாதீங்க!



உங்க வீட்டுப் பரண்ல பழைய தகரப் பெட்டி ஏதாவது இருக்கா? இருந்தா, இதைப் படிச்சு முடிச்சதும் ஒருமுறை இறக்கிப் பாருங்க.

1984 டிசம்பர். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒரே நாள்ல தேர்தல். எனக்கு எட்டு வயசு. மார்கழிக் குளிர்ல எஸ்டேட் லைன் வீடுகளை விட்டு யாரும் வெளியே வர மாட்டாங்க. ஆனா இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வர்ற பிரச்சார ஜீப்போட மைக் சத்தம் கேட்டாப் போதும், பசங்க அத்தனை பேரும் ரோட்டுல நிப்போம். வீசுற நோட்டீஸ் காத்துல பறந்து காப்பிச் செடியிலயும் மிளகுக் கொடியிலயும் மாட்டும். ஓடி ஓடிப் பொறுக்குவோம்.

"அண்ணா, எனக்கு ஒரு பேட்ஜ்ணா!"

எந்தக் கட்சிங்கிற கணக்கே கிடையாது. உதயசூரியன், இரட்டை இலை, கை எல்லாம் ஒரே பிஸ்கட் டப்பாவுக்குள்ள. அப்படி ஒரு கூட்டணியை இன்னிக்கு வரைக்கும் யாராலயும் அமைக்க முடியல!

பள்ளிக்கூடமே போகாத என் அப்பாயி, சின்னங்களை வைத்தே அரசியல் வரலாறு சொல்வார். காங்கிரசுக்கு முதலில் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. 1969-ல் கட்சி உடைந்த பிறகு இந்திரா பக்கம் பசுவும் கன்றும், காமராஜர் பக்கம் ராட்டை சுற்றும் பெண். கை வந்தது அதற்கும் பிறகு. முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, அதன் மேல் அவரவர் சின்னம். எழுத்துத் தெரியாத கோடிக்கணக்கான மக்களுக்குச் சின்னம்தான் எழுத்து.

1989 ஜனவரியில் அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்து நின்றது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப்புறா. தேர்தல் முடிஞ்ச சில வாரத்துலயே இரட்டை இலை திரும்பி வந்துடுச்சு. அந்தச் சேவல் பேட்ஜ் யார் வீட்டுலயாவது இருந்தா, அது ஒரே ஒரு பொதுத்தேர்தலைப் பார்த்த பேட்ஜ்!

நம்ம மலைக்கும் அப்படி ஒரு பக்கம் உண்டு. தமிழ்நாட்டில் நோட்டா பொத்தான் முதன்முதலாக வந்தது 2013 டிசம்பர் 4 அன்று நடந்த ஏற்காடு இடைத்தேர்தலில்தான். அந்தத் தேர்தலின் ஒரு நோட்டீஸாவது நம்மிடம் இருக்கா?

இதெல்லாம் குப்பைதானேன்னு கேட்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் எல்லாம் சேர்த்து வைத்தார். அவர் மறைவுக்குப் பின் 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று உலகெங்கும் இருந்து ஆய்வாளர்கள் அதைத் தேடி வருகிறார்கள்.

ஆனா சேகரிப்பு என்பது வெறும் ஆசை இல்ல தோழர்களே, அது கணக்கு!

என் டப்பாவில் மூன்று தேர்தல்களின் நோட்டீஸ் இருக்கு. மூன்றிலும் ஒரே வாக்குறுதி: எங்க ஊருக்குத் தார் ரோடு. கட்சிப் பேரைச் சொல்ல வரல. மூணும் ஒரே கட்சியோடதும் இல்ல. இரண்டாவது நோட்டீஸ் வந்த வருஷம்தான், காய்ச்சலில் கிடந்த அப்பாயியைக் கட்டிலோடு நாலு பேர் தூக்கிக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் நடந்தாங்க. நல்லவேளை, பிழைச்சுட்டார். ரோடு கடைசியில் வந்துச்சு. வந்தப்போ நான் மலையிறங்கி சேலத்துல வேலைக்குச் சேர்ந்தாச்சு.

மைக்கில் பேசினது காத்தோட போயிடும். அச்சடிச்சது நிக்கும். அந்த மூணு காகிதமும் இல்லேன்னா, "அப்படியெல்லாம் நாங்க எப்போ சொன்னோம்?"னு யாரும் கேட்டுடலாம்.

இன்னிக்கு பிளெக்ஸ் பேனரை மறுநாளே கழட்டிடுறாங்க. வாட்ஸ்அப்ல வந்ததை நாமே அழிச்சிடுறோம். நம்ம பிள்ளைங்க கையில் என்ன மிஞ்சும்?

அதனால ஒரு வேண்டுகோள். பெட்டியை இறக்குங்க. இருக்கிறதைப் படம் எடுங்க, பின்னாடி வருஷத்தை எழுதி வைங்க. எந்தக் கட்சியோடதா இருந்தாலும் கிழிக்காதீங்க. வீட்டுப் பெரியவங்களைப் பக்கத்துல உட்கார வைச்சுக் கதை கேளுங்க.

கடைசியா ஒண்ணு. அடுத்த தேர்தலில் எங்கள் தோழர்கள் உங்க வாசலுக்கு வந்து கொடுக்கும் நோட்டீஸையும் பத்திரமா வைங்க. அஞ்சு வருஷம் கழிச்சு எங்ககிட்டயே அதை நீட்டி, "இது என்னாச்சு?"ன்னு கேளுங்க.

கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது எங்கள் கடமை!

#மலையின்_நினைவுகள் #ஏற்காடு