முட்டையான சக்கரம்

தேசியக் கொடியின் நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 3:2 என இந்தியக் கொடி விதித்தொகுப்பு, 2002 வரையறுக்கிறது. 4:3 சட்டகத்தில் நேர்முகமாகப் பதிவான அக்கொடியை இன்றைய 16:9 தட்டைத் திரை முழுவதும் இழுத்து நிரப்பினால் அது 2:1 ஆகிவிடும். நடுவிலுள்ள சக்கரம் முட்டையாகிவிடும். இந்த அளவில் ஒரு கொடியைத் துணியில் தைத்து ஏற்றினால் ஊரே கொந்தளிக்கும். திரையில் நிகழும்போது கேட்பார் இல்லை.

பழைய திரைப்படங்களின் முகங்களுக்கும் இதே கதிதான். முகத்தையே அளவுகோலாக்கித் தாலமானம் வகுத்து, அங்குலம் பிசகாமல் சிலை வடித்த நாட்டில், பூசணியாய்ப் பருத்த முகங்களை ‘முழுத்திரைக் காட்சி’ என்று விற்கிறார்கள்.

கரும்பட்டைகள் திரையை வீணாக்குகின்றன என்பதே இவர்கள் கூறும் நியாயம். 16:9 பிறந்த கதையை அறிந்தோரிடம் அவ்வாதம் செல்லாது. 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர் முன்மொழிந்த அவ்விகிதம், குறுகிய 4:3 படத்துக்கும் அகன்ற 2.35:1 படத்துக்கும் இடைப்பட்ட சமரசம். முன்னதற்குப் பக்கங்களிலும் பின்னதற்கு மேலும் கீழும் பட்டை விழும் என்பது அச்சமரசத்தின் விலை.

இழுப்பதைவிட வெட்டுவது நாகரிகம் என்போரும் உளர். 1955இல் வெளியான ‘பதேர் பாஞ்சாலி’யின் சட்டகம் ஏறத்தாழ 1.37:1. அதை 16:9க்கு வெட்டினால் உயரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு பறிபோகும். நாணற்பூக்களுக்கு மேல் விரியும் வானத்தை உபரி என்று தீர்மானித்தவர் யார்?

வீட்டில் நேரும் பிழையை ரிமோட்டின் ஒரு பொத்தான் திருத்திவிடும். ஆவணக் காப்பில் நேரும் பிழை அத்தகையதன்று. பால் முறை ஒளிநாடாவை எண்மமாக்கினால் ஒரு சட்டகத்தில் 720×576 பிக்சல்கள். எண்ணிக்கையை வகுத்தால் 5:4. காட்ட வேண்டியதோ 4:3. அப்பதிவின் பிக்சல் சதுரமன்று, உயரத்தைவிட அகலம் சற்றே மிகுந்தது என்பதே காரணம். எல்சிடி திரையின் பிக்சலோ பொதுவாகச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒடுங்கிய பட்டைகள் சேர்ந்த சதுரம். இவ்வேறுபாட்டைக் கோப்பில் குறிக்காமல் விட்டால் மனிதர் அனைவரும் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மெலிந்துவிடுவர். 16:9க்கு இழுத்துப் பதிந்தால் பருத்துவிடுவர். மூல நாடா பூஞ்சை பிடித்து அழிந்தபின், அரைமண்டியில் நிற்கும் நர்த்தகியின் முழங்கால்கள் உண்மையில் எவ்வளவு விரிந்தன என்பதை அக்கோப்பிலிருந்து எந்த மாணவர் அளப்பார்?

பொதுப்பணத்தில் நிகழும் ஒவ்வோர் எண்மமாக்க ஒப்பந்தத்திலும் பிக்சல் விகிதம் ஒரு வரியாகவேனும் இடம்பெற வேண்டும். மூலச் சட்டகத்தை இழுத்தோ வெட்டியோ ஒப்படைக்கும் கோப்புக்குப் பணம் வழங்கலாகாது.